கிட்டப்பார்வை: தூரம் மங்குறதைக் கண்டுபிடிக்கிறதுல இருந்து கண்ணாடி, சொட்டு மருந்து, லேசர் வரைக்கும் ஒவ்வொரு படியா

பாம்பன்ல எங்க வீடு கரைக்கு ரொம்பப் பக்கம். காலைல அப்பா வல்லம் திரும்புற நேரத்துக்கு அம்மா கூடையோட கரையில நிப்பாங்க, நானும் தம்பியும் கூட நிப்போம், யாரு வல்லம் முதல்ல வருதுன்னு சொல்றதுதான் எங்களுக்கு விளையாட்டு. தம்பி என்னை விட ரெண்டு வயசு சின்னவன், கடல்ல புள்ளியா தெரியிறப்பவே "அது நம்ம வல்லம்தான்க்கா, அணியத்துல பச்சைக் கொடி இருக்கு பாரு"ம்பான். எனக்குக் கொடியும் தெரியாது வல்லமும் தெரியாது, தண்ணி மேல கரியைத் தேச்சு விட்ட மாதிரி ஒரு கறை, அவ்வளவுதான். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும், இவன் குத்துமதிப்பா சொல்றான்னு எட்டாப்பு வரைக்கும் நினைச்சிருந்தேன். ஸ்கூலுக்கு வந்த கண் பரிசோதனை முகாம்ல ரெண்டு கண்ணுலயும் -3.25னு எழுதிக் குடுத்தப்பதான் விசயம் தெரிஞ்சுச்சு. கண்ணாடி வந்த மறுநாள் கரைக்குப் போனா, அப்பா வல்லத்துல நிக்கிறப்பவே அவர் மொகம் தெரியுது, சிரிக்கிறாரு, அது எனக்குப் புதுசு.

அதுக்கப்புறம் பிளஸ் டூ முடிச்சு ஒரு கண் ஆஸ்பத்திரில பவர் பாக்குற வேலைல சேந்து பன்னிரண்டு வருசம் இருந்தேன், இப்ப எனக்கு -6.50, என் ஒன்பது வயசு மகளுக்கும் ஆரம்பிச்சிருச்சு. நம்ம பக்கத்துல, மண்டபம் தங்கச்சிமடம் கீழக்கரை தொண்டி எங்க போனாலும், இதைப் பத்தி ஒரே மாதிரி தப்பான பேச்சுதான் கேக்குறேன், அதுனால தெரிஞ்சதை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சிரலாம்னு உக்காந்தேன். பெருசுதான், பொறுமையா படிங்க.

முதல்ல கண்ணுக்குள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கங்க

பேரே நிறைய பேரைக் குழப்புது. கிட்டப்பார்வைன்னா கிட்ட இருக்கிறது தெரியலைன்னு அர்த்தம் இல்ல, கிட்டக்க நல்லா தெரியும், தூரத்துலதான் மங்கும். டாக்டருங்க மையோபியாம்பாங்க. பொறந்த குழந்தையோட கண்ணு முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் அளந்தா 16, 17 மில்லிமீட்டர்தான் இருக்கும், வளந்து பெரியவங்களுக்குக் கிட்டத்தட்ட 24 மில்லிமீட்டருக்கு வந்து நின்னுரும். கிட்டப்பார்வை உள்ளவங்களுக்குப் பெரும்பாலும் அங்க நிக்காம இன்னும் நீண்டு போயிருது. கருவிழியும் (கண்ணுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கிற மூடி) உள்ள இருக்கிற லென்சும் சேந்து வெளிச்சத்தைக் குவிக்கிற இடம் ஒண்ணு, படம் விழ வேண்டிய திரையான விழித்திரை இருக்கிற இடம் அதுக்குக் கொஞ்சம் பின்னாடி, அதுனால படம் விழித்திரைக்கு முன்னாடியே விழுந்து மங்குது. ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுனா ஏறக்குறைய இரண்டரையில இருந்து மூணு பவர் வந்துரும். நரம்புத் தளர்ச்சி, சத்துக் குறைவு, ரத்தம் பத்தலன்னு சொல்றது எதுவும் இதுல கிடையாது. எங்க அப்பத்தா எனக்குத் தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை ஆக்கிப் போட்டாங்க, கீரை ஒடம்புக்கு நல்லதுதான், விட்டமின் ஏ குறைஞ்சு வர்ற மாலைக்கண்ணுக்கு அது உதவும், நீண்டு போன கண்ணை எந்தக் கீரையும் கேரட்டும் கண் எக்ஸர்சைஸும் சுருக்காது.

ஏன் நீளுதுன்னா அம்மா அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு கூட, அதோட சின்ன வயசுல ரொம்ப நேரம் கிட்டக்கவே பாக்குறதும் வெளிச்சத்துல வெளிய சுத்தாம இருக்கிறதும் சேருது.

இந்த எழுத்துல வேற எது மறந்தாலும் இது ஒண்ணை மனசுல வச்சுக்கங்க. இதுல ரெண்டு வேலை இருக்கு, ரெண்டும் வேற வேற. ஒண்ணு, இன்னைக்குத் தெளிவா தெரிய வைக்கிறது, அதைத்தான் சாதாக் கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், லேசர் எல்லாம் செய்யுது. இன்னொண்ணு, கண்ணு மேல மேல நீளாம இழுத்துப் பிடிக்கிறது, அது சின்ன வயசுல மட்டும்தான் முடியும். ஜனங்க எல்லாம் முதல் வேலையைப் பத்தியே பேசிப் பேசி ரெண்டாவது வேலைக்கான வருசங்களைக் கோட்டை விட்டுர்றாங்க, என் வீட்டுலயும் அதான் நடந்துச்சு.

படி 1: வீட்டுலயே ஒரு சோதனை

பிள்ளைங்க தானா வந்து சொல்லாது, ஏன்னா தெளிவுன்னா என்னன்னே அதுகளுக்குத் தெரியாது. கண்ணை இடுக்கிப் பாக்குறது, டிவிக்கு முன்னாடி போய் உக்காந்துக்கிறது, போர்டைப் பாக்காம பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பாத்து எழுதுறது, இதெல்லாம் கண்ணுல படணும். ஒரு ஒரு கண்ணா மூடிப் பாக்கச் சொல்லுங்க, இது ரொம்ப முக்கியம், ஒரு கண்ணு நல்லா இருந்து இன்னொண்ணு மோசமா இருந்தா ரெண்டையும் தொறந்து வச்சிருக்கிற வரைக்கும் யாருக்குமே தெரியாது. பஸ் ஸ்டாண்டுல நின்னு ராமேஸ்வரம் பஸ்ஸா ஏர்வாடி பஸ்ஸான்னு போர்டை வாசிக்கச் சொன்னாலே போதும்.

மங்குதுன்னா அடுத்து இதைப் பண்ணுங்க. ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில ஊசியால சின்னதா ஒரு ஓட்டை போட்டு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு கண்ணால அந்த ஓட்டை வழியா அதே போர்டைப் பாருங்க. எழுத்து தெளிவாச்சுன்னா கோளாறு பெரும்பாலும் பவர் சம்பந்தப்பட்டதுதான், கண்ணாடியில சரியாகும். ஓட்டை வழியாப் பாத்தும் அதே மங்கல்னா வேற என்னமோ இருக்கு, டாக்டரைத் தள்ளிப் போடாதீங்க.

பவர் எவ்வளவு இருக்கும்னு தோராயமா தெரிஞ்சுக்கவும் வழி இருக்கு. கண்ணாடியைக் கழட்டிட்டு, ஒரு கண்ணை மூடி, பொடி எழுத்து உள்ள ஒரு பேப்பரைக் கையெட்டுற தூரத்துல பிடிச்சு மெதுவா கிட்டக்க கொண்டு வாங்க, எழுத்து நறுக்குன்னு தெரியிற இடத்துல நிறுத்தி, கண்ணுல இருந்து பேப்பர் வரைக்கும் டேப் வச்சு அளந்து, 100-ஐ அந்த சென்டிமீட்டரால வகுங்க. 40 சென்டிமீட்டர்னா இரண்டரை, 25 சென்டிமீட்டர்னா நாலு. மைனஸ் பவர்னா என்னங்கிறதே இதுதான், -4 உள்ளவருக்கு 25 சென்டிமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற உலகம் பூரா மங்கல். இந்தக் கணக்கை வச்சுக் கண்ணாடி வாங்கிராதீங்க, புரிஞ்சுக்கிறதுக்கு மட்டும்தான்.

பெரியவங்களுக்குத் திடீர்னு தூரம் மங்குனா அது வேற கதையாவும் இருக்கலாம். சர்க்கரை கூடுனாலும் பவர் மாறும். அறுபது வயசுக்கு மேல ஒருத்தர் "எனக்கு இப்பல்லாம் கண்ணாடி இல்லாமயே பேப்பர் படிக்க முடியுது"ன்னு சந்தோசமா சொன்னா கண்புரை வளருதான்னு பாக்கணும், புரை முத்த ஆரம்பிக்கிறப்ப மைனஸ் பவர் ஏறி வெள்ளெழுத்தைக் கொஞ்ச நாள் மறைச்சிரும்.

படி 2: பரிசோதனைக்கு எங்க, எப்படி

ராமநாதபுரத்துல அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, அங்க கண் பிரிவுல காசு இல்லாமப் பாக்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல்லயே பாத்து இலவசக் கண்ணாடி குடுக்கிற ஏற்பாடு உண்டு, முகாம் அன்னைக்குப் பிள்ளையை லீவு போட வச்சிராதீங்க. விழித்திரை, லேசர் மாதிரி பெரிய விசயத்துக்கு நம்ம ஆளுங்க மதுரைக்குத்தான் ரயிலோ பஸ்ஸோ ஏறுறாங்க, 1976-ல 11 படுக்கையோட டாக்டர் வெங்கடசாமி ஆரம்பிச்ச அரவிந்த் கண் மருத்துவமனை அங்கதான் இருக்கு.

பிள்ளைங்களுக்கு சொட்டு மருந்து போட்டுத்தான் பவர் பாக்கணும், இதுல விட்டுக் குடுக்காதீங்க. பிள்ளைங்க கண்ணுல ஃபோகஸ் பண்ற தசை ரொம்ப வலுவா இருக்கும், மெசினுக்குள்ள எட்டிப் பாக்குறப்ப அது இறுகிக்கிட்டு இல்லாத மைனஸைக் காட்டும். என் மகளுக்கு அவசரத்துக்கு ஒரு கண்ணாடிக் கடையில கம்ப்யூட்டர் டெஸ்ட் மட்டும் பாத்து -2.25 எழுதிட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல, மறுவாரம் டாக்டர்கிட்ட சொட்டு மருந்து போட்டுப் பாத்தா -1.50தான். முக்காப் பவர் கூட வச்ச கண்ணாடியைப் போட்டிருந்தா பிள்ளைக்குத் தலைவலி வந்திருக்கும். சொட்டு மருந்து போட்டா வெளிச்சத்தைப் பாக்கக் கூசும், கிட்டக்க படிக்க முடியாது, சில மருந்துல ஒரு நாள், அட்ரோபின் களிம்புன்னா ஒரு வாரத்துக்கு மேலயும் போகும், அதுனால பரீட்சை நேரத்துல போகாம லீவுல போங்க. பெரியவங்களும் அன்னைக்கு பைக் ஓட்டிக்கிட்டு வராதீங்க, கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க.

படி 3: சீட்டைப் படிக்கிறது

எஸ்பிஎச்னு (SPH) இருக்கிற கட்டம்தான் பவர், முன்னாடி மைனஸ் இருந்தா கிட்டப்பார்வை, பிளஸ் இருந்தா தூரப்பார்வை. சிஒய்எல் (CYL), ஆக்ஸிஸ் (AXIS) ரெண்டும் கருவிழி ஒரு பக்கம் கூடுதலா வளைஞ்சிருக்கிறதுக்கு. பி.டி.ங்கிறது (PD) ரெண்டு கண்ணு பாப்பாவுக்கும் நடுவுல உள்ள தூரம், அது தப்புனா பவர் சரியா இருந்தும் தலை சுத்தும். பார்வையை 6/6, 6/18, 6/60ன்னு எழுதுவாங்க, 6/60ன்னா நல்ல கண்ணு 60 மீட்டர்ல படிக்கிற எழுத்தை நீங்க 6 மீட்டருக்கு வந்தாத்தான் படிக்கிறீங்கன்னு அர்த்தம். பழைய சீட்டு ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க. வருசத்துக்கு எவ்வளவு ஏறுதுங்கிறதுதான் டாக்டருக்கு முதல்ல வேண்டியது.

படி 4: கண்ணாடி

"கண்ணாடி போட்டா பவர் ஏறிரும், கொஞ்சம் கம்மியா எழுதிக் குடும்மா"ன்னு எத்தனை அம்மாக்கள் என்கிட்ட கேட்டிருப்பாங்கன்னு கணக்கே இல்ல. எங்கம்மாவும் அதையேதான் நம்புனாங்க, பொம்பளப்புள்ள சோடாபுட்டி போட்டா யாரு கட்டுவான்னு, விசேச வீட்டுக்குப் போறப்ப எல்லாம் என் கண்ணாடியை வாங்கி அவங்க பைக்குள்ள வச்சுக்குவாங்க. நான் சொந்தக்காரங்க மொகம் தெரியாம எல்லாரையும் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருப்பேன். மலேசியாவுல பிள்ளைங்களுக்கு வேணும்னே முக்கால் பவர் குறைச்சுக் கண்ணாடி குடுத்து ரெண்டு வருசம் பாத்த ஆராய்ச்சி 2002-ல வந்துச்சு, அதுல குறைச்சுப் போட்ட பிள்ளைங்களுக்குத்தான் பவர் கூட ஏறியிருந்துச்சு. பவர் ஏறுறது கண்ணு வளர்றதால, கண்ணாடி போடுறதால இல்ல. முழுப் பவரை எழுதி வாங்குங்க, நாள் பூரா போட விடுங்க.

பிள்ளைங்களுக்குப் பாலிகார்பனேட் லென்ஸ் கேளுங்க, பந்து பட்டாலும் லேசுல உடையாது. பவர் நாலு அஞ்சுக்கு மேல போனா 1.6, 1.67னு சொல்ற மெலிசு லென்ஸ் வாங்கலாம், அதை விட முக்கியம் ஃபிரேம் சின்னதா இருக்கணும், மைனஸ் லென்ஸ் ஓரத்துலதான் தடிப்பு, பெரிய ஃபிரேம்னா ஓரம் அவ்வளவும் வெளிய நிக்கும். நீல வெளிச்சத்தைத் தடுக்குற புளூ கட் கோட்டிங் பவர் ஏறாம தடுக்கும்னு யாராவது வித்தா அதுக்குன்னு தனியா காசு குடுக்காதீங்க, அதுக்கு ஆதாரம் இல்ல.

கடலோரத்துக்குன்னு சில விசயம் இருக்கு, மதுரைக் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். உப்புக்காத்துல சாதா மெட்டல் ஃபிரேம் சீக்கிரமே பச்சை பிடிச்சு ஸ்குரு துருவேறி மூக்குக்கிட்ட உடையும், பிளாஸ்டிக் ஷெல் ஃபிரேமோ டைட்டானியமோ நல்லது. கரையில அரை மணி நேரம் நின்னாலே லென்ஸ் மேல உப்பு படியும், அதை அப்படியே கைலியாலயோ முந்தானையாலயோ துடைச்சா உப்பும் மணலும் சேந்து கீறிரும். முதல்ல நல்ல தண்ணியில அலசி, ஒரு சொட்டு சோப்பு விட்டு விரலால தேச்சு, திரும்ப அலசி அப்புறம் பருத்தித் துணியால ஒத்தி எடுங்க. கடலுக்குப் போறவங்க பின்னாடி கயிறு மாட்டிக்கங்க, எங்க சித்தப்பா கண்ணாடி வலை இழுக்குறப்ப ரெண்டு தடவை கடலுக்குப் போயிருச்சு.

படி 5: பிள்ளைங்க கண்ணு நீளாம பிடிக்கிறது

இதுதான் ரெண்டாவது வேலை, நான் அதிகமா சொல்லணும்னு நினைக்கிறதும் இதைத்தான்.

2008-ல வந்த ஒரு ஆராய்ச்சியில ஒரே சீன வம்சாவளிப் பிள்ளைங்களை, ஆறு ஏழு வயசுல, சிங்கப்பூர்லயும் சிட்னியிலயும் பாத்தாங்க. சிங்கப்பூர்ல 100-க்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில 100-க்கு 3 பேருக்குத்தான். இத்தனைக்கும் சிட்னி பிள்ளைங்க புத்தகம் அதிகமாவே படிச்சுச்சுங்க. பெரிய வித்தியாசம் என்னன்னா அதுங்க வாரத்துக்கு 13 மணி நேரத்துக்கு மேல வெளிய இருந்துச்சு, சிங்கப்பூர் பிள்ளைங்க 3 மணி நேரம். அப்புறம் சீனாவுல குவாங்சௌல ஒண்ணாப்புப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல்லயே தினம் 40 நிமிசம் கூடுதலா வெளிய விட்டுப் பாத்தாங்க, மூணு வருசத்துல புதுசாக் கிட்டப்பார்வை வந்தது 39.5 சதவீதம் இருக்க வேண்டிய இடத்துல 30.4 சதவீதமா குறைஞ்சுச்சு, 2015-ல அது வெளிவந்துச்சு. தைவான்ல 2010-ல இருந்து தினம் 120 நிமிசம் வெளியன்னு ஸ்கூல் திட்டமாவே வச்சிருக்காங்க.

வெளிச்சம்தான் வேலை செய்யுதுன்னு நினைக்கிறாங்க, பிரகாசமான வெளிச்சத்துல விழித்திரையில டோபமின்ங்கிற ஒரு ரசாயனம் சுரந்து கண்ணோட வளர்ச்சியை அடக்குதாம். வகுப்பறைக்குள்ள சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்குற அளவு) வெளிச்சம் இருந்தா மர நிழல்லயே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். அதுனால மண்டையைப் பிளக்குற வெயில்ல நிக்க வைக்க வேண்டியதே இல்ல, பூவரச மரத்தடி போதும், காலையில கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம்னு சேத்து ரெண்டு மணி நேரம். நம்ம ஊர்ல வெளிச்சத்துக்கா பஞ்சம்? ஆனா ஸ்கூல் விட்டு வந்ததும் டியூசன், டியூசன் விட்டதும் ஃபோன், பிள்ளை கடற்கரைக்கு நூறடி தள்ளி இருந்துக்கிட்டு கடலைப் பாக்காம வளருது, எனக்கு இதை நினைச்சாத்தான் வயித்தெரிச்சல். என் மகளோட வீட்டுப்பாடத்தை நான் திண்ணைக்கு மாத்திட்டேன். ஃபோனும் புத்தகமும் ஒரு முழத் தூரம் தள்ளி இருக்கணும், அரை மணிக்கு ஒரு தடவை தலையை நிமித்தித் தூரத்தைப் பாக்கணும்.

வெளிச்சம் நல்லா உதவுறது கிட்டப்பார்வை வர்றதுக்கு முன்னாடிதான், வந்த பின்னாடி அதோட பலன் குறைவு. வந்துருச்சு, வருசா வருசம் அரை முக்காப் பவர்னு ஏறுதுன்னா டாக்டர்கிட்ட அட்ரோபின் பத்திக் கேளுங்க. ரொம்ப நீர்த்த சொட்டு, 0.01 சதவீதம் நம்ம நாட்டுல கிடைக்குது, ராத்திரி படுக்கப் போறப்ப ஒரு சொட்டு. ஹாங்காங்ல ஒப்பிட்டுப் பாத்ததுல 0.05 சதவீதம்தான் நல்லா கட்டுப்படுத்துச்சு, எது வேணும்னு டாக்டர் முடிவு பண்ணுவார். நீங்களா நிறுத்தாதீங்க, திடீர்னு நிறுத்துனா சிலருக்குச் சட்டுன்னு ஏறும். இன்னொண்ணு, பிள்ளைங்களுக்குன்னே வந்திருக்கிற தனி லென்ஸ், ஸ்டெல்லெஸ்ட், மியோஸ்மார்ட்னு விக்குது, பாக்கச் சாதாக் கண்ணாடி மாதிரியே இருக்கும், நடுவுல பவர், சுத்தி நுண்ணிசா நூத்துக்கணக்குல குட்டி லென்ஸ். ரெண்டு வருச ஆராய்ச்சியில பவர் ஏறுறதை ஏறக்குறைய பாதிக்கு மேல குறைச்சிருக்கு. விலை ஜாஸ்தி, அதை மறைக்க முடியாது. எல்லாராலயும் முடியாது, முடியலைன்னா மனசை விட்டுராதீங்க, திண்ணை வெளிச்சத்துக்கும் முழுப் பவர் கண்ணாடிக்கும் பெரிய செலவு இல்ல.

படி 6: கான்டாக்ட் லென்ஸ்

சுத்தமா கையாளத் தெரிஞ்சவங்களுக்கு நல்ல வசதி. ஆனா தண்ணிக்கும் அதுக்கும் ஆகாது. குழாத் தண்ணி, கெணத்துத் தண்ணி, கடல் தண்ணி எது பட்டாலும் அகாந்தமீபாங்கிற கிருமி லென்சுக்கு அடியில தங்கி கருவிழியைத் தின்ன வாய்ப்பு இருக்கு, அந்தப் புண்ணு வந்த ஒரு பையனை நான் வேலையில இருந்தப்ப பாத்திருக்கேன், வலியில உக்காரவே முடியல அவனால. போட்டுக்கிட்டுத் தூங்கக் கூடாது, பழைய சொல்யூசன் மேலயே புதுசை ஊத்தக் கூடாது, கண்ணு சிவந்தா உடனே கழட்டணும். பாசி எடுக்க மூழ்குற அக்காமாருங்க இதைப் போட்டுக்கிட்டு இறங்கவே வேணாம், பவர் லென்ஸ் வச்ச டைவிங் மாஸ்க் கிடைக்குது, அதைக் கேட்டு வாங்குங்க.

படி 7: லேசர்

18 வயசு முடியணும், கடைசி ஒரு வருசமாவது பவர் மாறாம இருக்கணும். பொண்ணு பாக்க வர்றாங்கன்னு பதினெட்டு முடிஞ்ச மறுவாரமே கூட்டிட்டு ஓடுறாங்க, பவர் இன்னும் ஏறிக்கிட்டு இருக்கிற கண்ணுல பண்ணா ரெண்டு வருசத்துல திரும்பக் கண்ணாடிதான்.

அடுத்து கருவிழி தடிமன். சராசரி 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் சொச்சம். லாசிக்ங்கிற லேசர் முறையில மேல ஒரு மூடியை 110 மைக்ரான் போல வெட்டித் தூக்கி, உள்ள ஒரு பவருக்குச் சுமாரா 14 மைக்ரான் செதுக்கி, மூடியைத் திரும்ப மூடுறாங்க. அஞ்சு பவருன்னா 70 போச்சு, மூடி 110 போச்சு, மிச்சம் 360. அடியில 250, 300க்குக் கீழ போகக் கூடாது. எனக்குத் தடிமன் 480தான், பவரும் அதிகம், டாக்டர் பாத்துட்டு "வேணாம்மா"ன்னுட்டார், அன்னைக்கு அழுதேன், இன்னைக்கு அவருக்கு நன்றி சொல்றேன். கருவிழி கூம்பு மாதிரி பிதுங்குற கெரட்டோகோனஸ் இருக்கான்னு, கருவிழியோட வளைவைப் படமா எடுக்குற டோப்போகிராஃபி ஸ்கேன் எடுக்காம யாராவது லேசருக்குத் தேதி குடுத்தா எந்திரிச்சு வந்துருங்க.

பிஆர்கேன்னு ஒண்ணு இருக்கு, மூடி கிடையாது, மூணு நாலு நாள் நல்லா வலிக்கும், தெளிய நாளாகும், ஆனா அடிபடுற வேலைல இருக்கிறவங்களுக்கு மூடி நகர்ற பயம் இல்ல. ஸ்மைல்ங்கிறது சின்னக் கீறல் வழியா உள்ள இருந்து ஒரு தகட்டை உருவி எடுக்கிறது. கருவிழி மெலிசா இருந்தாலோ பவர் ரொம்ப அதிகம்னாலோ ஐசிஎல், நம்ம லென்சுக்கு முன்னாடி இன்னொரு லென்சை வைப்பாங்க, தேவைப்பட்டா எடுத்துரலாம். எதைப் பண்ணாலும் கொஞ்ச மாசம் கண்ணு வறட்சி இருக்கலாம், டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் கடல்ல இறங்கக் கூடாது, நாப்பது வயசுக்கு மேல வெள்ளெழுத்துக் கண்ணாடி கண்டிப்பா வரும். நேவி, கோஸ்ட் கார்டு, கப்பல் வேலைன்னு கனவு உள்ள தம்பிங்க அந்தந்த வேலையோட கண் விதியைப் படிச்சிட்டு அப்புறம் லேசருக்குப் போங்க, சிலதுல லேசர் பண்ண கண்ணை எடுக்க மாட்டாங்க.

படி 8: பவர் அதிகம் உள்ளவங்க வருசா வருசம் செய்ய வேண்டியது

லேசர் பண்ணியாச்சு, கண்ணாடியைத் தூக்கிப் போட்டாச்சு, இனி டாக்டரே வேணாம்னு இருக்காதீங்க. லேசர் கருவிழியைத்தான் தட்டையாக்குது, கண்ணு நீண்டது நீண்டதுதான், பின்னாடி விழித்திரை இழுபட்டு மெலிஞ்சதும் அப்படியேதான் இருக்கும். -6க்கு மேல போனவங்களுக்கு விழித்திரை பிரியிறது, கண் நீரழுத்தம், நடுப்பார்வை கெடுறதுன்னு மூணும் மத்தவங்களை விட வாய்ப்பு அதிகம். வருசம் ஒரு தடவை சொட்டு மருந்து போட்டு விழித்திரையை ஓரம் வரைக்கும் பாக்கச் சொல்லுங்க, ஓரத்துல சின்ன ஓட்டை இருந்தா அப்பவே லேசர் வச்சு அடைச்சிரலாம், அது உக்காந்த இடத்துலயே முடியிற வேலை.

திடீர்னு கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியா நிறைய பறந்தாலோ, இருட்டுல ஓரத்துல மின்னல் வெட்டுனாலோ, ஒரு பக்கத்துல இருந்து கருப்புத் திரை இறங்குற மாதிரி இருந்தாலோ அன்னைக்கே கிளம்பணும். எங்க சித்தப்பாவுக்குக் கடல்ல இருந்தப்ப திரை இறங்குச்சு, வலி இல்லையேன்னு நாலு நாள் கழிச்சுத்தான் எங்ககிட்ட சொன்னார், அதுக்குள்ள நடுப்பகுதியும் பிரிஞ்சிருச்சு, ஆபரேசன் பண்ணியும் அந்தக் கண்ணுல கை அசையிறது மட்டும்தான் தெரியுது. விழித்திரை பிரிஞ்சா வலிக்காது. ராத்திரியில தெரிஞ்சாலும் வீட்டுல சொல்லி, மறுநாள் மொத ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ மதுரைக்குக் கிளம்பிருங்க, பழைய சீட்டையும் போட்டிருக்கிற கண்ணாடியையும் கையோட எடுத்துக்கங்க.